அந்த அரக்கு உனக்கு எடுக்கும்

அன்புள்ள மீனாளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குப் படை ஆறி வருகிறது. அவரைக் காரைக்குடியில் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனபோது, நீ வாங்கி வைத்திருக்கும் களிம்பைப் பற்றியும் கேட்டுவிட்டேன். போடாதே. நீ அனுப்பிய டியூப் படத்தைப் பார்த்ததுமே டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் என்று மூன்று மருந்து கலந்ததாம். கடைசியில் இருப்பது ஸ்டீராய்டு. மங்கு விழுந்த முகத்துக்கு டாக்டர் பார்த்து, கொஞ்ச நாளைக்கு மட்டும் கொடுப்பது. நிறம் வேண்டும் என்று தினமும் தடவினால் முதலில் பளிச்சென்று தெரியும். அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பும். சிலருக்கு முகத்தில் முடிகூட வளரும். விட்டால் எரிச்சல் தாங்காது, மறுபடி அதையே தடவச் சொல்லும். 2018-லேயே மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் சீட்டே கேட்காமல் உனக்கு ஒருவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார் பார்.

சரி, உன்னைக் கடைக்கு அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியாதா? தேவகோட்டை அறுபதாம் கல்யாணத்தில், பந்தியில், அத்தனை பேர் முன்னால் அயித்தை, "என்னத்தா இப்படிக் கறுத்துப் போயிட்டே, இந்த அரக்குக் கலர் சேலை உனக்கு எடுக்கவே இல்லையே" என்றார். நீயும் சேர்ந்து சிரித்தாய். அப்புறம் உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாய். நான் கவனித்தேன்.

அயித்தை இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தபோது அவரையும் அப்பத்தா இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பாராம். அதற்காகப் பொறுத்துப் போ என்று எழுதமாட்டேன். நம் குடும்பத்தில் பட்டவர்கள்தான் அடுத்த பிள்ளைக்கும் அதையே கொடுக்கிறார்கள். பலகாரம் கொடுக்கப் போனபோது சொல்லிவிட்டேன், "மதினி, பிள்ளையைப் பந்தியில் வைத்து நிறம் பேசாதீங்க" என்று. "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றார். "அவ அழுதா" என்றேன். அதற்குமேல் பேச்சில்லை, காபி வந்தது.

அடுத்த தடவை கூடச் சேர்ந்து சிரிக்காதே. சிரித்தால், பக்கத்து இலைக்காரருக்கும் ஒன்று சொல்லலாம் என்று தோன்றிவிடும். "என் நிறம் இதுதான் அயித்தே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, "உங்க மூட்டுவலி எப்படி இருக்கு?" என்று கேள். சொந்த வலியைப் பேச ஆள் கிடைத்துவிட்டால் யாரும் அடுத்தவர் நிறத்துக்குத் திரும்பி வரமாட்டார்கள். நான் பல கல்யாண வீட்டில் பார்த்தது.

ஆபீஸில் உன் நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் வைத்த அந்தப் பையன் விஷயம் வேறு. அவனுக்கு மூட்டுவலி விசாரிப்பு வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு ஒருமுறை நிறுத்தச் சொல். கேட்காவிட்டால் தேதி போட்டு எழுதி வைத்து, மேலே கொடு. கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை, நாலு பேர் இருக்கும் இடத்துக்குப் போக மனசு வரவில்லை என்ற அளவுக்கு வந்தால் அதற்கென்று ஆலோசகர்கள் இருக்கிறார்கள், போய்ப் பேசு. செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு நீ மாற்றிவிட்டு வந்த அந்த அரக்குக் கண்டாங்கிச் சேலையைக் கஞ்சி போட்டு மடித்துப் பார்சலில் வைத்திருக்கிறேன். மாவுருண்டையும் இருக்கிறது, ரூமில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடு. அரக்கு உனக்கு எடுக்கும். அம்மா என்பதற்காகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது எடுக்காது, நான் கட்டுவதும் இல்லை.

இன்னொன்று. ஜாதகத்தோடு அனுப்ப எடுத்த உன் போட்டோவை ஸ்டுடியோக்காரர் மாவில் புரட்டி எடுத்த மாதிரி வெளுத்து வைத்திருந்தார். திருப்பிக் கொடுத்து, உன் நிறத்திலேயே பிரிண்ட் போடச் சொல்லி வாங்கி வந்தேன். "இப்படியே அனுப்பினா ஜாதகம் திரும்பி வருமே ஆச்சி" என்றார். வரட்டும். அந்த வீட்டுக்குப் பெண் பார்க்கும் பலகாரம் எனக்கு மிச்சம்.

லீவு எப்போது என்று எழுது.

அன்புடன்,
அம்மா