திரும்பி வந்தவள் யாருடைய மகள்?

அன்புள்ள சரோஜா,

உன் கடிதமும் தொடர்கதையின் கையெழுத்துப் பிரதியும் வந்து சேர்ந்தன. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து நீ மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டாய் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேத்திக்குப் பிளஸ் டூ தேர்வு நெருங்குவதால் வீட்டில் தொலைக்காட்சிக்கு விடுமுறை.

ஆற்றோடு போன கமலியை அந்த மந்திரக்காரக் கிழவியின் கையால் உயிர்ப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாசகிகள் வற்புறுத்துகிறார்கள் என்பது மட்டும் காரணமானால் வேண்டாம். ஷெர்லக் ஹோம்ஸை 1893-இல் அருவியில் முடித்துவிட்ட கானன் டாயில், 1903-இல் அவரைத் திரும்பக் கொண்டுவந்தபோது, அவர் விழவே இல்லை என்று சொல்லிச் சமாளித்தார். அது பிழைத்து வந்த கதை. உன் கமலியையோ எரித்துக் காரியமும் முடித்துவிட்டாய். உனக்கு அந்த வழி கிடையாது.

நீ மறுபடி படிக்க வேண்டியது மகாபாரதத்து ஆதிபருவத்தில் வரும் கசன் கதை. செத்தவரை எழுப்பும் மிருதசஞ்சீவினி மந்திரம் அசுர குருவான சுக்கிராச்சாரியாரிடம் மட்டும் இருந்தது. அதைக் கற்றுவரத் தேவர்கள் பிரகஸ்பதியின் மகன் கசனை அனுப்பினார்கள். அசுரர்கள் முதலில் அவனைக் கொன்று ஓநாய்களுக்குப் போட்டார்கள். சுக்கிரரின் மகள் தேவயானி தகப்பனாரிடம் என்ன சொல்கிறாள் தெரியுமா? பொழுது சாய்ந்துவிட்டது, அக்கினி ஹோமமும் முடிந்துவிட்டது, மாடுகள் மேய்ப்பவன் இல்லாமல் திரும்பியிருக்கின்றன, கசனை மட்டும் காணோம் என்கிறாள். வீட்டின் மாலை நேரத்து ஒழுங்கில் ஒரே ஒரு ஆள் குறைகிறான். இழப்பை இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

மூன்றாம் முறை கசனை எரித்து, சாம்பலை மதுவில் கலந்து குருவுக்கே குடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். சுக்கிரர் தயங்குகிறார். நான் எழுப்ப எழுப்ப அவர்கள் கொல்கிறார்களே, அழாதே அம்மா என்கிறார். மகள் விடவில்லை. அவர் அழைக்கிறார், வயிற்றுக்குள்ளிருந்து கசனின் குரல் வருகிறது. அவன் வெளியே வந்தால் குரு சாக வேண்டும். ஆகவே உள்ளே இருப்பவனுக்கே மந்திரத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். அவன் வயிற்றைப் பிளந்து வந்து அவரை எழுப்புகிறான்.

இதற்குப் பிறகுதான் கதையின் வலி. தன்னை மணந்துகொள் என்று தேவயானி கேட்கிறாள். உன் தந்தையின் வயிற்றில் நானும் இருந்து பிறந்தேன், நீ எனக்குச் சகோதரி என்று மறுத்துவிடுகிறான். எந்த வழியில் அவனை மீட்டாளோ அந்த வழியே அவனை அவளிடமிருந்து பிரித்துவிட்டது. ஆளுக்கொரு சாபம் கொடுத்துக்கொண்டு பிரிகிறார்கள்.

நம் பூம்பாவை கதையைப் பார். மயிலாப்பூர்ச் சிவநேசர் தம் மகளைச் சம்பந்தருக்கென்றே நினைத்து வளர்க்கிறார். ஏழு வயதில் பாம்பு தீண்டி இறந்தவளின் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்துக் காக்கிறார். சம்பந்தர் வந்து பாடுகிறார். அந்தப் பதிகம் யமனோடு வாதாடுவதே இல்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, தைப்பூசம் என்று ஊர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் காணாமலே போகிறாயா என்று அவளைக் கேட்கிறது. அவள் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக எழுகிறாள் என்கிறார் சேக்கிழார். அவள் குடத்தில் இருந்த காலத்துக்கும் சேர்த்து வளர்ந்திருக்கிறாள். மணந்துகொள்ளச் சிவநேசர் வேண்டியபோது சம்பந்தர் மறுக்கிறார்: நீர் பெற்ற பெண் விடத்தால் இறந்துவிட்டாள், இவள் அருளால் நாம் மீண்டும் வரச்செய்தவள், நீர் சொல்வது தகாது. அவள் மணமில்லாமலே வாழ்ந்து சிவனடி சேர்கிறாள்.

இந்த இரண்டு கதைகளிலும் திரும்பி வந்தவர்கள் விட்டுப்போன இடத்தில் வந்து உட்காரவில்லை. அது மறுபிறவி. அழைத்தவர்களோடு இருந்த உறவே வேறாகிவிடுகிறது. தம்பி போன பிறகு எனக்கு இது நன்றாகவே புரிகிறது. அவன் வந்தால் போதும் என்றுதான் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அவன் மனைவி அதற்குள் வேலைக்குப் போய், குழந்தைகளை ஆளாக்கி, வேறொரு மனுஷியாகிவிட்டாள். அவன் வந்து நின்றிருந்தால் அவளை முதலிலிருந்து அறிந்துகொள்ள வேண்டியிருந்திருக்கும்.

அதனால் கமலியைத் தாராளமாக எழுப்பு. ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்தில் அவளை அப்படியே புருஷனோடு மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பாதே. கிழவி உயிர் கொடுத்த பிறகு அவள் கிழவிக்கும் மகள் அல்லவா? பெற்றவள் அதை எப்படித் தாங்குவாள்? அந்த இரண்டு பெண்களையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துப் பேசவிடு. உன்னால் அது முடியும். ஆறாம் அத்தியாயத்து மாமியார் பேச்சைப் படித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எழுதியதும் தபாலில் அனுப்பு. கைப்பேசியில் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்தை மறக்காமல் விட்டுக்கொள். பங்குனியில் அறுபத்துமூவர் விழாவுக்கு மயிலாப்பூர் வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது, இங்கேயே தங்கலாம்.

அன்புடன்,
வசந்தா