விளம்பரக் கணக்கு இனி உங்கள் பெயரிலேயே

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த நேரம். ஆதம்பாக்கத்தில் ஏசி சர்வீஸ் செய்யும் நம் வாடிக்கையாளர் ஒருவர் மேற்கு மாம்பலத்தில் இருந்துகொண்டு உங்கள் கடைகளுக்குக் கூகுளில் விளம்பரம் நடத்தித் தரும் எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தார். வருஷத்திலேயே அவருக்கு வேலை குவியும் மாதம் அது. மதியச் சாப்பாட்டுக்கே நேரம் இல்லாத நாளில் வண்டியை நிறுத்திவிட்டு மாடியேறி வருகிறார் என்றால் விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது. "சார், விளம்பரத்துக்குப் பணம் போயிட்டே இருக்கு. போனும் வருது. ஆனா பாதிப் பேர் வேலை இருக்கான்னு கேக்கறாங்க. ஒருத்தர் கோர்ஸ் எத்தனை மாசம்னு கேக்கறார். எனக்கு ஒண்ணுமே புரியலை" என்றார்.

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கூகுள் ஆட்ஸ் கணக்கில் 'சர்ச் டெர்ம்ஸ்' என்ற பக்கத்தைத் திறந்தோம். விளம்பரத்தைத் தொடுவதற்கு முன்னால் மக்கள் தேடல் பெட்டியில் என்ன தட்டினார்கள் என்பதை வரிவரியாகக் காட்டும் பக்கம் அது. 'ஏசி மெக்கானிக் வேலை சென்னை.' 'ஏசி மெக்கானிக் கோர்ஸ் ஃபீஸ்.' 'ஏசி ரிமோட் விலை.' 'பழைய ஏசி விற்க.' 'கார் ஏசி சர்வீஸ்.' ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் எத்தனை கிளிக், எத்தனை ரூபாய் என்று இருந்தது. அவர் வீட்டு ஏசி மட்டும் பார்ப்பவர். கார் பக்கமே போகாதவர். அந்த வரிகளைப் படித்துக்கொண்டே வந்தவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

தவறு எங்களுடையது. 'ஏசி மெக்கானிக்' என்ற சொல்லை 'பிராட் மேட்ச்' வகையில் போட்டிருந்தோம். அப்படிப் போட்டால், அந்தச் சொல்லோடு சம்பந்தம் உண்டு என்று கூகுள் கருதும் எந்தத் தேடலுக்கும் விளம்பரம் போகும். அதனால் வேலை, கோர்ஸ், விலை, கார் என்று வேண்டாத சொற்களைக் கண்டுபிடித்து, இந்தச் சொல் இருந்தால் விளம்பரம் காட்டாதே என்று கூகுளுக்குச் சொல்லும் 'நெகட்டிவ் கீவேர்ட்' பட்டியலில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். வாரம் ஒரு தடவையாவது செய்ய வேண்டிய இந்த வேலையை மூன்று வாரம் செய்யாமல் விட்டோம். இன்னொரு பிழையும் இருந்தது. இடம் என்ற கட்டத்தில் சென்னை என்று குறித்தோமே தவிர, அதன் கீழே ஒளிந்திருக்கும் தெரிவை மாற்றவில்லை. மாற்றாமல் விட்டால், சென்னையில் இருப்பவர்களோடு சேர்த்து, சென்னையைப் பற்றித் தேடும் வெளியூர்க்காரர்களுக்கும் விளம்பரம் காட்டப்படும். எங்கோ உட்கார்ந்துகொண்டு சென்னையில் வேலை தேடிய பிள்ளைகளின் கிளிக்குக்கு ஆதம்பாக்கத்து மனிதர் காசு கட்டியிருக்கிறார். அந்தத் தொகையைக் கணக்குப் பார்த்து அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

ஆனால் அன்றைக்கு எங்களை உலுக்கியது வேறு. பட்டியலைப் பார்த்து முடித்ததும் அவராகவே சொல்ல ஆரம்பித்தார். "சார், போன் பண்றவங்க யாரும் ஏசி மெக்கானிக்னு சொல்ல மாட்டாங்க. உள்ளே தண்ணி சொட்டுதும்பாங்க. கூலிங் இல்லைம்பாங்க. கேஸ் நிரப்பணும்பாங்க. அவுட்டோர் சத்தம் போடுதும்பாங்க. அதையெல்லாம் போடுங்க." அடுத்த பத்து நிமிடத்தில் அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் எந்த மென்பொருளும் எங்களுக்குத் தராதவை. தினமும் காதால் கேட்பவருக்குத்தான் அவை தெரியும். இத்தனை நாளாக அந்தப் பக்கத்தை அவர் பார்க்கவே முடியாதபடி கணக்கை எங்கள் மின்னஞ்சலில் பூட்டி வைத்திருந்தோம். மாதக் கடைசியில் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தொட்டார்கள் என்று ஒரு பக்க ரிப்போர்ட் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இந்த வழக்கத்தை நிறுத்துகிறோம். ஆடி பிறப்பதற்குள் நம் வாடிக்கையாளர்கள் எல்லாருடைய விளம்பரக் கணக்கும் கூகுள் மேப்பில் இருக்கும் கடைப் பதிவும் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு வந்துவிடும். நாங்கள் உங்கள் அனுமதியோடு உள்ளே வந்து வேலை பார்ப்போம். எங்களைப் பிடிக்கவில்லை என்றால் ஒரே அழுத்தில் நீக்கிவிடலாம்; கணக்கும் அதன் பழைய விவரங்களும் உங்களிடமே இருக்கும்.

பணமும் இனி எங்கள் கை வழியாகப் போகாது. இதுவரை நீங்கள் அனுப்பிய தொகையில் விளம்பரச் செலவும் எங்கள் கூலியும் கலந்தே இருந்தன. இனி விளம்பரப் பணத்தை நீங்களே நேராகக் கூகுளுக்குக் கட்டுவீர்கள். எங்கள் கூலிக்குத் தனி பில். இதில் உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. கூகுள் விளம்பரத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கணக்கில் பதிந்திருந்தால் பில் உங்கள் பெயரில் வரும், ஆடிட்டரிடம் கொடுத்து அந்த வரியை வரவு வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 300 ரூபாய் என்று வரம்பு வைத்தால், தேடல் அதிகம் உள்ள நாளில் கூகுள் 600 வரை செலவழிக்கலாம். மாதம் முழுக்க எடுத்துக்கொண்டால் 300-ஐ 30.4-ஆல் பெருக்கி வரும் 9,120 ரூபாயைத் தாண்டாது, வரி தனி. ஒரு நாள் செலவு மட்டும் ஏறியிருப்பதைப் பார்த்தால் பதற வேண்டாம்.

மூன்று நான்கு பேருடைய விளம்பரங்கள் எங்களின் ஒரே கணக்குக்குள் கலந்து கிடக்கின்றன. அவர்களுக்கு மட்டும் புதுக் கணக்கு தொடங்கித்தான் ஆக வேண்டும். விளம்பரத்தை நகல் எடுக்கலாம். எந்தத் தேடலுக்குப் பலன் கிடைத்தது என்று பழைய கணக்கில் சேர்ந்த அனுபவம் கூடவே வராது. முதல் சில வாரம் அழைப்புகள் ஏறி இறங்கும். சம்பந்தப்பட்டவர்களிடம் நேரில் பேசி, அவர்களுக்கு வியாபாரம் குறைவாக இருக்கும் வாரமாகப் பார்த்து மாற்றுகிறோம்.

கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். பாரிமுனைப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் வாடிக்கையாளர் ஒருவர் எங்களிடம் வந்தபோது, அவருடைய மேப் பதிவு முந்தைய ஏஜென்சியின் மின்னஞ்சலில் இருந்தது. கடை இரண்டு கட்டடம் தள்ளி இடம் மாறியிருந்தது. மேப்பில் பழைய இடமே இருந்தது. முகூர்த்த மாதத்தில் பத்திரிகை அடிக்க வந்தவர்கள் பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறார்கள். ஏஜென்சியோ போனை எடுக்கவில்லை. இப்படி ஆனால், உரிமை கேட்டுக் கூகுளிலேயே விண்ணப்பிக்கலாம். இப்போதைய உரிமையாளருக்கு 3 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் நீங்களே உரிமை கோர வழி திறக்கலாம். அப்புறம் கடை உங்களுடையதுதான் என்று வீடியோவில் காட்டச் சொல்வார்கள். அவருடைய பிள்ளை ஒரு நாள் காலையில் தெருவின் பெயர்ப் பலகையில் தொடங்கி, கடை போர்டு, சாவி போட்டு ஷட்டரைத் தூக்குவது, உள்ளே அச்சு இயந்திரம் வரை ஒரே ஓட்டமாக எடுத்தான். வெட்டி ஒட்டினால் ஏற்க மாட்டார்கள். பதிவு கைக்கு வந்த அன்று அந்தப் பெரியவர் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டதை மறக்க முடியாது. அதே சமயம், எங்கள் மின்னஞ்சலில் பூட்டிக் கிடக்கும் மற்ற கடைகளின் நினைப்பும் வந்து உறுத்தியது.

சரி, கணக்கு கைக்கு வந்ததும் எதைப் பார்ப்பது? முதலில் சொற்களை. கூகுள் 2000-ல் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கிய இந்த முறைக்கு 2018 முதல் கூகுள் ஆட்ஸ் என்று பெயர். இன்றைக்கு இதன் அடிப்படை இதுதான்: ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு ஏலம். அதிகம் கொடுப்பவருக்கே மேலிடம் என்று நினைத்துவிடாதீர்கள். தேடியவர் கேட்டதற்கும் உங்கள் விளம்பர வரிக்கும், தொட்டபின் திறக்கும் பக்கத்துக்கும் எவ்வளவு பொருத்தம் என்பதும் சேர்த்துக் கணக்கிடப்படும். பொருத்தமான சொல்லை வைத்திருக்கும் சின்னக் கடை, குறைந்த ஏலத் தொகையிலேயே பெரிய கடைக்கு மேலே வர முடியும்.

மயிலாப்பூரில் பரதநாட்டிய உடை தைத்துக் கொடுக்கும் அம்மா ஒருவர் நம் வாடிக்கையாளர். அவருடைய விளம்பரத்தில் 'கிளாசிக்கல் டான்ஸ் காஸ்ட்யூம்' என்று அழகாக எழுதியிருந்தோம். சர்ச் டெர்ம்ஸ் பக்கத்தை அவரோடு உட்கார்ந்து பார்த்தபோது, பெண்ணைப் பாட்டு டீச்சரிடமும் டான்ஸ் டீச்சரிடமும் மாற்றி மாற்றிக் கூட்டிப்போகும் தாய்மார்கள் தேடுவது 'சலங்கை பூஜை டிரெஸ்', 'டான்ஸ் செட் வாடகை', 'ராக்கொடி', 'ஸ்கூல் ஆனுவல் டே பரதநாட்டியம் டிரெஸ்' என்று தெரிந்தது. பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். ராக்கொடியை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பார்த்து அந்த அம்மா அதிசயித்துப் போனார். அத்தனை எழுத்துக்கூட்டலும் இப்போது பட்டியலில் இருக்கின்றன. 'டெம்பிள் ஜுவல்லரி' என்ற சொல்லை மட்டும் அவர் எடுக்கச் சொன்னார். அதைத் தேடுபவர்களில் தங்க நகை வாங்க நினைப்பவர்களே அதிகம், அவர்கள் விலை கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள் என்றார். அந்தச் சொல்லை எடுக்காமல் விட்டு மாதக்கணக்கில் கிளிக்குக்குப் பணம் கட்டியது நாங்கள். தமிழ் எழுத்திலேயே விளம்பரம் எழுதவும் 2018 முதல் வசதி இருக்கிறது. பேசித் தேடுபவர்கள் பெருகிவரும் இந்தக் காலத்தில் அதையும் கூடவே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

எந்தச் சொல் எப்போது ஏறுகிறது என்று பார்க்கக் கூகுள் ட்ரெண்ட்ஸ் என்ற இலவசப் பக்கம் உண்டு. தமிழ்நாடு என்று இடத்தைத் தேர்ந்தெடுத்து இரண்டு சொற்களை ஒப்பிடலாம். அதில் தெரியும் 100 என்ற எண்ணைத் தேடல்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில் அந்தச் சொல் உச்சத்தில் இருந்த நாளையே 100 என்று வைத்து மற்ற நாட்களை அளக்கிறார்கள். அதனால் எத்தனை பேர் என்று தெரியாது, எப்போது என்று தெரியும். நம் ஊர்க் கடைகளுக்கு அந்த 'எப்போது' போதும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இன்வெர்ட்டர் விற்பவர்கள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு விளம்பரம் கேட்கிறார்கள். புரட்டாசியிலேயே தொடங்கிவிடுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு தேடுபவருக்கு அன்றைக்கே பொருத்திக் கொடுக்க ஆள் வேண்டும். உங்கள் ஆட்களே வெளியே வர முடியாத நாளில் வரும் கிளிக்கால் யாருக்கும் பயன் இல்லை.

மேப் பதிவுக்குப் பணமே கிடையாது. "கூகுள்லேர்ந்து பேசறோம், பணம் கட்டாட்டி உங்க கடையை மேப்லேர்ந்து எடுத்துடுவோம்" என்று யார் பேசினாலும் போனை வைத்துவிடுங்கள். முதலிடத்துக்கு கியாரண்டி என்பவரையும் நம்பாதீர்கள். பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றை வைத்துத்தான் மேப்பில் வரிசை அமைகிறது என்று கூகுளே சொல்கிறது. தூரத்தை யாராலும் விலைக்கு வாங்க முடியாது. தாம்பரத்துக் கடையைப் புரசைவாக்கத்தில் நின்று தேடுபவருக்கு முதலில் காட்ட எங்களாலும் முடியாது. போர்டில் இல்லாத சொற்களைக் கடைப் பெயரோடு ஒட்டச் சொல்லி சிலர் கேட்கிறீர்கள். செய்ய மாட்டோம், பதிவே முடக்கப்படலாம்.

மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் தெருக்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லஸ், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளைப் பக்கம் தடுப்புகள் இடம் மாறும்போது வண்டி வரும் வழியும் மாறுகிறது. வாரம் ஒரு தடவை மேப்பில் உங்கள் கடைக்கு வழி கேட்டுப் பாருங்கள். தப்பான வழி காட்டினால் மேப்பிலேயே திருத்தம் அனுப்பலாம். எந்தப் பக்கமாக வந்தால் வண்டி நிறுத்தலாம் என்று ஒரு வரியும், இப்போதைய வாசலின் புகைப்படமும் பதிவில் போட்டு வையுங்கள். பழைய புகைப்படத்தை நம்பி வந்து திரும்பிப் போகும் வாடிக்கையாளரின் கணக்கு எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

ரிவ்யூ விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறோம். ஐந்து நட்சத்திரம் போட்டால் தள்ளுபடி என்பது கூகுள் விதிக்கு விரோதம். இணைய ரிவ்யூக்களுக்கென்று 2022-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது. நங்கநல்லூரில் மாவு விற்கும் நம் வாடிக்கையாளருக்கு "மாவு புளித்துவிட்டது" என்று ஒருவர் ஒரு நட்சத்திரம் போட்டார். அதை எடுக்க வழி உண்டா என்று கேட்டவரிடம் பதில் எழுதச் சொன்னோம். 'வெயில் காலத்தில் வாங்கிய அன்றே ஃபிரிட்ஜில் வையுங்கள் அம்மா, நாளைக்குக் கடைக்கு வாருங்கள், புது மாவு தருகிறேன்' என்று அவரே தமிழில் எழுதினார். அந்தப் பதிலைப் படித்துவிட்டு வந்ததாகச் சொன்னவர்கள் உண்டு.

தேடலின் மேலேயே ஏஐ பதில் வந்துவிடுகிறதே, இனி விளம்பரம் எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த வசதி அது. 'ஏசியில் ஏன் தண்ணீர் சொட்டுகிறது' என்று காரணம் கேட்பவர் அங்கேயே படித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஏணி போட்டு ஏறிப் பார்க்க ஆள் வேண்டுமே. அந்த ஆளைத் தேடும்போது உங்கள் பெயர், நேரம், போன் எண் சரியாக இருந்தால் போதும்.

அடுத்த வாரம் முதல் ஒவ்வொரு கடையாக வருகிறோம். கடைக்கென்று ஒரு ஜிமெயில் கணக்கு இருந்தால் நல்லது. கடைப் பையனின் மின்னஞ்சலோ பக்கத்து வீட்டுத் தம்பி தொடங்கிக் கொடுத்ததோ வேண்டாம், உங்களுடையதாக இருக்கட்டும். விளம்பரதாரர் சரிபார்ப்புக்குப் பான் கார்டும் ஜிஎஸ்டி சான்றிதழும் எடுத்து வையுங்கள். மேப் பதிவில் புது உரிமையாளரைச் சேர்த்தால் 7 நாள் கழித்துத்தான் முழு அதிகாரம் கிடைக்கும் என்பதால் இரண்டு தடவை வர வேண்டியிருக்கும். இரண்டாவது தடவை வரும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சர்ச் டெர்ம்ஸ் பக்கத்தை உங்களோடு உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும். போனில் உங்கள் வாடிக்கையாளர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று, அதற்குள் கல்லாப் பக்கத்தில் ஒரு தாளில் அவர்கள் வார்த்தையிலேயே குறித்து வைத்திருங்கள்.

அன்புடன்,
மேற்கு மாம்பலம் அலுவலகத்திலிருந்து உங்கள் மூவரும்