சம்பூருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்க குடுத்துவிட்ட கடிதமும் மிளகாய்த்தூளும் கிடைச்சுது. நாலு மாசமா ஒரு வரி எழுதல்ல, பிழை என்னிலதான். அண்டைக்கே டின்மீன் கறி வைச்சன். மூதூர்த் தயிர் இல்லாத சோறு சோறா?

கரி ஆலைக்குப் பக்கத்தில இருந்தா நெஞ்சுக்கு ஆகாதே எண்டு கேட்டிருந்தீங்க. இஞ்ச ஜெர்மனியில நொய்ராத், நீடர்அவுசம் எண்டு ரெண்டு பெரிய அனல்மின் நிலையம். சூடு ஆத்துற கோபுரம் ஒண்டு 200 மீற்றர், கோணேசர் மலையைவிட உயரம். அதில வெள்ளையாப் போறது வெறும் நீராவி. கேடு கண்ணுக்குத் தெரியாது. சாம்பலையும் கந்தகத்தையும் வடிகட்டிப் பிடிக்கிறாங்க, கரியமிலவாயுவை விட்டுர்றாங்க. எரிக்கிறது பழுப்பு நிலக்கரி, பாதி தண்ணி. நொய்ராத்தில மூண்டு உலையை 2024 இல மூடிட்டாங்க.

பக்கத்து வீட்டுக் கிழவியப் பற்றிச் சொல்லணும். அவட ஊர் இம்மராத். கரி தோண்ட ஊரையே எடுத்திட்டாங்க. 2018 இல கோயிலையும் இடிச்சாங்க. புருசன்ட கல்லறையையும் கிளப்பிப் புது ஊரில வைச்சிருக்கு. ஞாயிறெண்டா என்னைக் கூட்டிக்கொண்டு சுரங்கக் கரைக்குப் போவா. வெறுங் காத்தைக் காட்டி, "அங்கதான் என்ட குசினி" எண்டுவா. எனக்குச் சிரிப்பு வாற இடம் அது, ஆனா சிரிக்கிறதில்ல.

சம்பூரில 500 மெகாவாட் கரி ஆலை வரப்போய் 2016 இல கைவிட்டதைச் சொன்னன். "அப்ப உங்கட வீடு இருக்கா?" எண்டா. வளவு இருக்கு எண்டன். கிழவிக்குக் கொண்டுபோகக் கல்லறை இருந்தது. அப்பாவை நாங்க இடம்பெயர்ந்து இருந்த கிளிவெட்டி முகாமில இருந்து தூக்கிக்கொண்டுபோய் எரிச்சம், அம்மா. எனக்கு அந்தப் புகைதான் மணக்குது.

அத விடுங்க. வேலையில நேரம் குறைச்சிருக்கிறாங்க, நல்லா நித்திரை கொள்றன். இந்த மாசக் காசு கொஞ்சம் பிந்தும், யோசிக்காதீங்க. திவசத்துக்கு அண்ணன் முன்னுக்குப் போடட்டும்.

கரிக்குப் பதிலா 120 மெகாவாட் சூரிய மின்சாரம் எண்டு 2025 ஏப்ரலில தொடக்கினாங்களே, எங்கட மேட்டுக்காணி அந்த எல்லைக்குள்ள வருதா எண்டு கிராம சேவகரிட்டக் கேளுங்க. சின்ன மாமா வேலியைத் தள்ளிப் போட விடாதீங்க. காணி உறுதிட ரெண்டாம் பக்கத்தைத் தங்கச்சி திரும்பப் படம் எடுத்து அனுப்பட்டும், போனமுறை விரல் மறைச்சிட்டு.

அன்பு மகன்