சாட்சி சொல்லும் சிப்பாய்க்குப் பாதுகாப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

வியட்நாமில் தாங்கள் செய்ததையும் கண்டதையும் 1971 இல் டெட்ராயிட் நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க முன்னாள் படையினர் பகிரங்கமாகச் சொன்னமை பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். யாழ்ப்பாணத்தவருக்கு இது தூரத்துச் செய்தியல்ல. யாழ்ப்பாண நகருக்கு அருகிலுள்ள செம்மணியில் புதைகுழிகள் உண்டென 1998 இல் சொன்னவரும் ஓர் இலங்கை இராணுவச் சிப்பாயே. பாடசாலை மாணவி கிருசாந்தி குமாரசாமியின் கொலை வழக்கில் மரணதண்டனை பெற்ற அவர், நூற்றுக்கணக்கானோர் அங்கே புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்திலேயே கூறினார். அடுத்த ஆண்டு 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. பின்னர் விடயம் ஆறப்போடப்பட்டது. 2025 இல் செம்மணி சித்துபாத்தியில் சிறுவர்களுடையவை உட்பட இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புத்தொகுதிகள் வெளிவந்தன. அவை யாருடையவை, யார் கட்டளையிட்டார்கள் என்பதை மண் சொல்லாது. அறிந்தவர்கள்தான் வாய் திறக்கவேண்டும்.

1996 இல் எங்கள் ஒழுங்கையிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட இளைஞனின் தாயார், "எங்கை தாட்டவை எண்டு சொன்னாக் காணும்" என்றுதான் சாகும்வரை கேட்டார். அதைச் சொல்லக்கூடிய ஒருவர் தெற்கில் ஏதோவொரு கிராமத்தில் இன்றும் இருக்கக்கூடும். அவர் பயப்படுவதில் வியப்பில்லை. குற்றமிழைத்தவருக்குப் பொதுமன்னிப்பு வழங்குமாறு நான் கேட்கவில்லை. முன்வரும் முன்னாள் படையினரின் வாக்குமூலங்களை நீதவான் முன்னிலையில் சிங்களத்திலேயே பதிவுசெய்யவும், அவர்களினதும் குடும்பத்தினரதும் பாதுகாப்பை இராணுவத்துக்கும் பொலிஸாருக்கும் அப்பாற்பட்ட சுயாதீன அமைப்பொன்றிடம் ஒப்படைக்கவும் அரசு உடன் ஏற்பாடு செய்யவேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
அரியாலை.