மாட்டாஸ்பத்திரி நைட்ரஜனும் என் மகளும்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள கோபாலு,

உன் இரண்டு மின்னஞ்சலுக்கும் சேர்த்து இது பதில். முழங்கால் எப்படி இருக்கிறது? பிசியோதெரபிக்குப் போகிறாயா, இல்லை காவிரிக்கரையில் நடந்தாலே போதும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாயா? இங்கே லலிதா நலம். எனக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. ஜோசப் வந்திருந்தான், தேக்காவில் சாப்பிட்டோம். அதே கதையைத்தான் இன்னும் சொல்கிறான். இந்தத் தடவை அதில் பிரின்ஸ்பாலும் வருகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மீனா வங்கி வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மரினா பே பக்கம், ஜன்னலில் கடல் தெரியும் இடம். சம்பளத்தைச் சொன்னால் உன் பென்ஷனை நினைத்து வருத்தப்படுவாய், அதனால் சொல்லவில்லை. முனைவர் பட்டத்துக்குப் போகிறாளாம். கோட்பாட்டு இயற்பியல். அதிலும் எது தெரியுமா? பெரிய விண்மீன் வெடித்தபின் நடுவில் நசுங்கி மிஞ்சுமே, அந்த நியூட்ரான் விண்மீனுக்குள் இருக்கும் மீக்கடத்தி.

நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துவிட்டு மேலே படி.

தடையே இல்லாமல் மின்சாரத்தை ஓடவிடும் மீக்கடத்தி என்றால் எனக்கு 1987 தான். யிட்ரியம், பேரியம், தாமிரப் பொடிகளை அரைத்து, மாத்திரையாக அழுத்தி, உலையில் வைத்துவிட்டு விடிய விடியக் காவல் இருந்தோமே, அது. கறுப்பாக வந்தால் நம்பிக்கை, பச்சையாக வந்தால் தலைவிதி. மாட்டாஸ்பத்திரியில் கெஞ்சி வாங்கிய திரவ நைட்ரஜனை ஊற்றியதும் அந்தக் குட்டிக் காந்தம் மெல்ல எழும்பி நின்றதும், நீ குச்சியால் தட்ட அது அந்தரத்தில் சுற்றியதும், வார்டன் வந்ததும்... வேண்டாம், அது ஜோசப்பின் கதை. நான் சொல்ல வருவது, அது கண்முன்னால் நடந்தது. 2023-இல் கொரியாக்காரர்கள் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்று எல்கே-99 என்ற பொருளைக் கொண்டு வந்தபோது, ‘இனி மாட்டாஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்’ என்று நீ எனக்கு அனுப்பினாய். ஒரு மாதத்துக்குள் பல ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்து, அதில் அசுத்தமாகக் கலந்திருந்த தாமிர சல்பைடு செய்த வேலை அது என்று முடித்துவிட்டன. எனக்கு அதுதான் பிடித்தது. சிப் செய்யும் சிலிக்கான் தட்டு, அந்த வேஃபர் தொழிற்சாலையில் காலம் தள்ளியவன் நான். தட்டில் குறை இருந்தால் ஷிப்ட் முடிவதற்குள் எந்த இயந்திரம் என்று பிடித்தாக வேண்டும்.

இவள் போகிற இடத்தில் ஷிப்டே கிடையாது, கோபாலு.

அந்த விண்மீன் உட்லண்ட்ஸில் தொடங்கி மரினா பே வரை வரும், குறுக்களவு அவ்வளவுதான். அதற்குள் சூரியனைவிட அதிகப் பொருள். உள்ளே பத்துக் கோடி டிகிரி இருக்கும், அதைப் போய்க் ‘குளிர்ந்தது’ என்கிறாள். நான் சண்டைக்கே போய்விட்டேன். பிறகு கணக்கைக் காட்டினாள். நம் மாத்திரைக்குள் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்த பிணைப்பு அற்பமானது. அங்கே ஜோடி சேர்ப்பது அணுக்கருவிசை. அதை உடைக்க நூறு கோடி டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஆகவே புரோட்டான்கள் மீக்கடத்தி, மின்னூட்டம் இல்லாத நியூட்ரான்கள் உராய்வே இல்லாமல் ஓடும் மீப்பாய்மம். எல்லாம் 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் சொன்ன அதே ஜோடிதான். வாயை மூடிக்கொண்டேன்.

இதற்குச் சாட்சி என்ன என்று கேட்டேன். நேரே குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு பச்சை முட்டையை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் சுழற்றினாள். லலிதா கரண்டியோடு வந்து நிற்கிறாள். மீனா ஒரு விரலால் முட்டையைத் தொட்டு நிறுத்தி, உடனே விரலை எடுத்தாள். நின்ற முட்டை தானாக மறுபடி சுற்றத் தொடங்கியது. “ஓடு நின்றாலும் உள்ளே இருப்பது நிற்கவில்லை அப்பா. வேலாவும் இதைத்தான் செய்கிறது.”

வேலா என்ற பல்சாரை (சுற்றிக்கொண்டே ரேடியோத் துடிப்பு அனுப்பும் நியூட்ரான் விண்மீன்) உனக்குத் தெரியும், உங்கள் திருவானைக்காவல் சி.வி. ராமனின் மகன் ராதாகிருஷ்ணன் பார்த்ததாயிற்றே. 1969-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் அவரும் மான்செஸ்டர் என்ற வானியலாளரும் கவனித்தார்கள். நொடிக்குப் பதினொரு முறை சுற்றிக்கொண்டு, சிறுகச் சிறுக வேகம் குறைய வேண்டிய விண்மீன், திடீரென்று வேகம் கூடியிருந்தது. ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரத்தில் சுமார் 200 நானோநொடி குறைவு. தண்டையார்பேட்டையில் பிறந்தவர் கண்ணில் அது பட்டது என்று படித்தபோது எனக்கு என்னவோ சொந்தக்காரர் சாதித்த மாதிரி இருந்தது.

காரணம் இப்படி. மீப்பாய்மம் முழுசாகச் சுழலாது. எண்ணற்ற மெல்லிய சுழிகளாகத்தான் சுழலும். அந்தச் சுழிகள் மேலோட்டின் அணுக்கருக்களில் மாட்டிக்கொள்கின்றன. ஓடு வேகம் குறைகிறது, உள்ளே இருப்பது குறைய முடியாமல் தவிக்கிறது. வேலாவில் ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒரு முறை சுழிகள் கூட்டமாக விடுபட்டு, மிச்சம் வைத்திருந்த வேகத்தை ஓட்டுக்குக் கொடுத்துவிடுகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று டாஸ்மேனியாவில் 26 மீட்டர் தொலைநோக்கி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. அந்தச் சமயத்தில் ஒரு துடிப்பு வரவே இல்லை. ஒரே ஒரு துடிப்பு! நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து இதை யோசிக்கிறேன், லலிதா விளக்கை அணைக்கச் சொல்கிறாள்.

பார், யார் யாரை மாற்றினார்கள் என்று. ஆனால் கவலை போகவில்லை. 2012-இல் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, மேலோட்டில் இருக்கும் மீப்பாய்மம் அவ்வளவு வேகத்தைக் கொடுக்கப் போதாது, மேலோட்டுப் படிகம் அதில் பெரும்பகுதியைத் தன்னோடு இழுத்துக்கொள்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அடித்தளமே ஆடுகிறது. காசியோப்பியா ஏ என்று இன்னொன்று, வெடித்துப்போன விண்மீனின் மிச்சம். அதன் நடுவிலிருக்கும் நியூட்ரான் விண்மீன் மளமளவென்று குளிர்கிறது, நியூட்ரான்கள் இப்போதுதான் ஜோடி சேர்கின்றன என்று 2011-இல் கொண்டாடினார்கள். நம் சந்திரசேகரின் பெயர் வைத்த சந்திரா தொலைநோக்கி எடுத்த அளவு. பிறகு கருவியின் அளவீட்டைத் திருத்தினால் குளிர்ச்சி அவ்வளவு இல்லை என்கிறார்கள். இவள் தன் இளமையை இதில் கொண்டு போய் வைக்கிறாள்; விண்மீனோ மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் வாய் திறக்கும்.

சொன்னால், “நியூட்ரான் விண்மீனுக்குள் மீப்பாய்மம் இருக்கும் என்று சோவியத் இயற்பியலாளர் மிக்தால் 1959-இல் எழுதியபோது பல்சாரே கண்டுபிடிக்கப்படவில்லை, 1967 வரைக்கும் காத்திருக்கவில்லையா?” என்கிறாள். இங்கேயே தேசியப் பல்கலைக்கழகத்தில் நிக்கல் ஆக்சைடு மீக்கடத்தியை 40 கெல்வின் (மைனஸ் 233 டிகிரி செல்சியஸ்) அளவுக்குக் கொண்டு வந்துவிட்டார்களே (நீ கேட்டாயே, அதுதான், 2025-இல் வெளியானது), தொட்டுப் பார்க்கிற மாதிரி அதைச் செய்யேன் என்றேன். “அதை நீங்கள் செய்யுங்கள்” என்றுவிட்டாள்.

ஜூனில் லலிதாவின் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குச் சென்னை வருகிறாள். திருச்சிக்கும் அனுப்புகிறேன். நீ அவளை உற்சாகப்படுத்தவும் வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். இரண்டு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தாயே, அதைச் சொல். உன் அப்பா போனபோது நீ இத்தாலியில் டிரியெஸ்டேயில் இருந்தாய். அதற்கப்புறம் வெகுநாள் எனக்குக்கூட எழுதவில்லை. நான் ஒருபோதும் கேட்டதில்லை, இப்போதும் எனக்குச் சொல்ல வேண்டாம். அவளுக்குச் சொல். உன் பெயரில் இருக்கிற அந்த ஒரு சமன்பாட்டுக்காக மறுபடியும் அதையெல்லாம் செய்வாயா என்று அவள் கேட்டால், யோசித்துப் பதில் சொல்.

பிறகு, அந்த 2012 கணக்கைப் பற்றி நீயே அவளைக் கேள். நான் கேட்டால் முட்டையை எடுத்துவிடுகிறாள். மேலோடு போதாதென்றால் அந்த வேகம் விண்மீனின் உட்கருவிலிருந்து வருகிறதா, அங்கே புரோட்டான் மீக்கடத்தி சுழிகளைப் பிடித்து வைக்கிறதா என்று குடைந்து கேள். அவள் சொல்வது சரியா என்று எனக்கு எழுது. அன்றைக்கே எழுது, வழக்கம்போல மூன்று வருடம் எடுத்துக்கொள்ளாதே.

திரும்பும்போது அவளிடம் சுண்டைக்காய் வற்றல் கொடுத்தனுப்பச் சொன்னாள் லலிதா. நிறைய.

அன்புடன்,
ரவி