அவசரமென்றால் அழையுங்கள்: வேலைத்தலக் குழுக்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் வேலைத்தல வட்ஸ்அப் குழுக்களுக்கு அட்மினாக இருக்கிற முகாமையாளர்களுக்கும், பகுதித் தலைவர்களுக்கும், அதிபர்களுக்கும்,

வணக்கம்.

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். 19 வருடமாகக் கணக்குப் பகுதியில்தான் வேலை. இன்று என் போனில் வேலைக்கென்று ஐந்து குழுக்கள் இருக்கின்றன. கிளைக்கு ஒன்று, கணக்குப் பகுதிக்கு ஒன்று, தலைமை அலுவலகத்தோடு ஒன்று, களஞ்சியம் பார்க்கிறவர்களோடு ஒன்று, எப்போதோ ஒரு ஒன்றுகூடலுக்காகத் தொடங்கி மூடாமல் விட்டது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் உங்களைப் போன்ற ஒருவர்தான் பொறுப்பு. தொழில் திணைக்களத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவது அதனால்தான். சட்டம் வர நாளாகும். உங்கள் குழுவின் பழக்கத்தை நீங்கள் இன்று பின்னேரமே மாற்றலாம்.

முதலில் நான் விட்ட பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். முன்பு வேலை செய்த இடத்தில் நடந்தது. மாத முடிவு. எங்கள் புத்தகத்துக்கும் வங்கிக் கூற்றுக்கும் இடையில் 27,000 ரூபாய் இடித்தது. வித்தியாசம் ஒன்பதால் மிச்சமில்லாமல் பிரிபட்டால், எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது கணக்கு எழுதுகிறவர்களின் வழக்கம். 58,500 என்பதை 85,500 என்று எழுதியிருப்போம். அதைப் பிடிக்க ஒரே வழி, வரிக்கு வரி விரலை வைத்துக்கொண்டு கீழே போவதுதான்.

மூன்றாவது பக்கத்தில் போன் அதிர்ந்தது. "மிஸ், போன மாதம் டீசலுக்கு எவ்வளவு முடிஞ்சது?" தேடிப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பினால், விரல் வைத்திருந்த வரி எதுவென்று தெரியவில்லை. திரும்ப முதலில் இருந்து. அடுத்த முறை யாருக்கோ பிறந்தநாள். வாழ்த்துக்குக் கீழே முப்பது பேரின் பூங்கொத்து. அதற்கும் அடுத்தது, "எல்லாரும் பாத்தீங்களோ?" என்ற கேள்வி. "ஓம் சேர்" என்று போடாவிட்டால் அடுத்த நாள் விளக்கம் சொல்லவேண்டும். நாலே கால் மணிக்கு, வித்தியாசத்தைக் கண்டுபிடிக்காமலே அன்றைய காசோலைகளுக்குப் போனேன். அந்த அந்தரத்தில், ஏற்கெனவே காசு கொடுத்து முடித்த பில் ஒன்றுக்கு இன்னொரு காசோலை எழுதினேன். இரண்டாவது கையொப்பம் போட்டவரும் ஒரு கையில் போனோடுதான் போட்டார்.

காசு திரும்பி வந்தது. அந்த வியாபாரி நேர்மையான மனிதர். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, "கவனக்குறைவு" என்று. கவனம் குறைந்தது உண்மைதான், மறுக்கவில்லை. அன்று ஒரு பகலில் மட்டும் அந்தக் கவனத்தைப் பதினான்கு தடவை என்னிடமிருந்து எடுத்தார்கள் என்பது அந்தக் கடிதத்தில் இல்லை. பின்னர் குழுக்களைத் திறந்து எண்ணிப் பார்த்துத்தான் நானே தெரிந்துகொண்டேன்.

இது என் ஒருத்தியின் பலவீனம் என்று நினைத்துவிடாதீர்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க், அலுவலகங்களில் ஆட்களின் பக்கத்தில் இருந்தே நேரம் குறித்து ஆராய்ந்தவர். இடையில் குழம்பிய வேலைக்கு ஒருவர் திரும்பி வர சராசரியாக 20 நிமிடத்துக்கு மேல் எடுக்கிறது என்று கண்டார். வேறு இரண்டு வேலைகளைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பி வருகிறார்கள். அவர் 2008 இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. இடையூறு செய்யப்பட்டவர்கள் வேலையை மெதுவாக முடிக்கவில்லை, வேகமாக முடித்தார்கள். ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் அவர்களுக்குக் கூடியிருந்தன. மேலே இருந்து பார்க்கிற உங்கள் கண்ணுக்கு அந்த வேகம் மட்டும்தான் தெரியும். கேட்டவுடன் பதில் வருகிறது, ஆகவே வேலை நடக்கிறது என்று நினைக்கிறீர்கள். நாங்கள் பதில் சொல்லிக்கொண்டு இருக்கிறோம். வேலை மேசையில் கிடக்கிறது. அதை ஐந்து மணிக்குப் பிறகு, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு செய்கிறோம்.

இனி நான் சொல்லப்போவது எங்கள் ஊருக்கே உரியது. இதற்காகத்தான் இந்த மடலை எழுதத் துணிந்தேன்.

1990 இல் திரும்பப் போர் மூண்டு இங்கே மின்சாரம் போனபோது எனக்கு எட்டு வயது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட வீடு எங்களுடையது. வெளியில் இருந்த சொந்தங்களின் சேதி கடிதமாக வந்தால் உண்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் வந்தால் உண்டு. பிறகு கொமினிகேசன் என்கிற தொலைபேசிக் கடைகளில் வரிசையில் நின்று, நிமிடக் கணக்குப் பார்த்துப் பேசினோம். 2006 ஓகஸ்டில், எங்களைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை மூடியபோது போன் மணி கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரவில் வந்த அழைப்பு எதுவும் நல்ல செய்தி கொண்டுவந்ததாக எனக்கு நினைவில்லை. யார் பிடிபட்டது, யார் செத்தது என்பதை இந்த ஊர் போன் மணியில்தான் கேட்டது. அதனால் போன் சத்தம் போட்டால் எடுக்காமல் விட எங்களில் பலருக்குக் கை வராது. பழக்கதோசம் என்று அதைச் சொல்லாதீர்கள்.

என் அம்மாவுக்கு 74 வயது. போன மாதம் ஒருநாள் இரவு பத்தே முக்காலுக்குப் போன் மேசையில் கிடந்து அதிர்ந்தது. அடுத்தடுத்து நாலைந்து முறை. அம்மா பாயில் எழும்பி உட்கார்ந்தார். "ஆரெண்டு பார் பிள்ளை, ஆருக்கு என்ன?" என்றார். எடுத்துப் பார்த்தேன். அடுத்த நாள் கூட்டத்துக்கு எல்லோரும் நீல ரீசேர்ட் போட்டு வரவேண்டுமாம். "ஒண்டுமில்லை அம்மா, ஒபிஸ்" என்றேன். அவர் படுத்துவிட்டார், ஆனால் நித்திரை கொள்ளவில்லை. விடிய நான் தேத்தண்ணி போட எழும்பியபோதும் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தார். அந்தச் செய்தியை அனுப்பியவர் கெட்டவர் இல்லை. நினைவு வந்தது, அனுப்பிவிட்டார்.

இந்தக் குழுக்களால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது இவைதான் எங்கள் சம்பளத்தைக் காப்பாற்றின. 2022 இல் பெற்றோல் இல்லாமல், நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, யார் வருகிறார், யாரால் வரமுடியாது என்று தெரிந்துகொண்டது இவற்றால்தான். அந்த நாட்களுக்கு அது சரி. அந்த நாட்கள் முடிந்தபிறகும் அதே அவசரத்தோடு குழுக்கள் ஓடுகின்றன.

என் தங்கை வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். இரவு பத்து மணி வரப்போகும் நேரத்தில், "நாளை காலை 7.30க்கு முன் விபரம் அனுப்பவும்" என்று வரும். என்ன விபரம் என்றால், போன தவணையில் இரண்டு முறை கொடுத்த அதே விபரம். அடுத்த நாள் பாடத்துக்கு எடுத்து வைத்த புத்தகத்தை மூடிவிட்டு அட்டவணை நிரப்புவாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகளுக்கு அதில் என்ன கிடைக்கிறது?

கணினி வேலை செய்கிற பிள்ளைகளின் நிலை வேறு. ரொறன்ரோவில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அந்த நேரத்துக்கு வேலை செய்யத்தான் வேண்டும், அதற்குத்தான் சம்பளம். ஆனால் இரவு பன்னிரண்டு மணிவரை இருந்த பிள்ளையைக் காலை எட்டரைக்கு "ஏன் இன்னும் பதில் இல்லை?" என்று கேட்காதீர்கள்.

எங்கள் நாட்டில் கடை, அலுவலக ஊழியர்களுக்கு 1954 ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேலே என்றால் ஒன்றரை மடங்கு சம்பளம். ஐந்து மணிக்குக் கைரேகை மெசினில் விரல் வைத்துவிட்டு வெளியே வருகிறேன். அதன் பிறகு படியில் இறங்கும்போதும், பஸ்ஸிலும், அடுப்படியிலும் நான் சொல்லும் பதில்கள் எந்த வரவுப் பதிவிலும் ஏறுவதில்லை.

மெல்பேணில் இருக்கும் என் தம்பி சொன்னதைக் கேட்டு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 2024 ஓகஸ்ட் 26 முதல் அவுஸ்திரேலியாவில், வேலை நேரம் முடிந்தபின் வரும் செய்திக்குப் பதில் சொல்லாமல் இருக்க ஊழியருக்கு உரிமை இருக்கிறது. மறுப்பதில் நியாயம் இல்லாத அவசரங்கள் மட்டும் விலக்கு. பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடங்களுக்கும் அடுத்த வருடமே அது வந்துவிட்டது. பிரான்சில் 2017 இலிருந்தே இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. அங்கே கடைகள் பூட்டிப் போகவில்லை, கம்பனிகள் விழுந்துவிடவும் இல்லை.

அவசரம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அழையுங்கள். உண்மையாகவே அழையுங்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வருகிறவர் படலையில் நின்று கூப்பிடுவார். உள்ளே இருந்து குரல் வந்தபிறகுதான் முற்றத்தில் கால் வைப்பார். குழுவில் விழுகிற செய்தி படலையில் நிற்பதில்லை, நேரே அடுப்படிக்கு வந்துவிடுகிறது. அனுப்புகிறவருக்கு அதில் ஒரு செலவும் இல்லை. ஆனால் அழைப்பதென்றால் நீங்களே ஒரு கணம் யோசிப்பீர்கள்: இந்த நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பாளோ, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாளோ, விடியச் சொன்னால் போதாதோ. அந்த ஒரு கணத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். "நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று கீழே எழுதி இரவில் அனுப்புவதால் பயனில்லை. நான் அதை வாசித்துவிட்டேன். இனி அது என்னோடு படுத்து எழும்பும். எழுதி வைத்துக்கொண்டு விடிய அனுப்புங்கள்.

பகலிலும் ஒன்று செய்யலாம். அறிவித்தல்களுக்கு ஒரு குழுவை ஒதுக்கி, அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள். "ஓம் சேர்" போடுகிற வேலை அன்றோடு நிற்கும். யாருக்கு நீல ரிக் விழுந்தது என்று பார்த்து ஆளை அளக்காதீர்கள். கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 124 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2015 இல் வெளியிட்டார்கள். ஒரு கிழமை மின்னஞ்சலை நாளுக்கு மூன்று தடவை மட்டும் பார்க்கச் சொன்னார்கள், இன்னொரு கிழமை விரும்பியபடி பார்க்கவிட்டார்கள். மூன்று தடவையோடு நிறுத்திய கிழமையில் அவர்களுக்கு மன அழுத்தம் குறைந்திருந்தது.

இப்போது நான் வேலை செய்கிற இடத்தில், இரண்டு மாதத்துக்கு முன் என் முகாமையாளரிடம் போய்க் கேட்டேன். மாத முடிவு மூன்று நாட்களும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை கணக்குப் பகுதிக்கு எதுவும் அனுப்பவேண்டாம் என்று. அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி மிஸ், ஒருக்காச் செய்து பாப்பம்" என்றார். முதல் நாள் நானே இரண்டு தடவை போனைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள் பத்து நாற்பதுக்கு வங்கிக் கணக்கு ஒரு சதம் பிசகாமல் சரிவந்தது. அந்த மாதம் நான் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோகவில்லை.

உங்கள் இடத்திலும் வருகிற மாத முடிவில் அந்த மூன்று நாட்களைக் கொடுத்துப் பாருங்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு குழுவை அமைதியாக விடுங்கள். ஏதாவது நடந்துவிட்டால், கடையில் தண்ணீர் ஏறினால், ஆருக்கும் சுகமில்லை என்றால், என் நம்பர் உங்களிடம் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு அழைத்தாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
கணக்குப் பகுதியில் வேலை செய்யும் ஒருத்தி
கொக்குவில்