கோடை விழா மேடை ஏன் காலியாகிறது: ஏற்காட்டு நண்பனுக்கு ஒரு கடிதம்

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கோடை விழாவின் கலை நிகழ்ச்சிகளுக்கு யோசனை சொல்லும் குழுவில் உன்னையும் சேர்த்திருக்கிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. மலையிலேயே குடியிருப்பவர்களைக் கேட்டுச் செய்யவேண்டிய காரியம் அது. இங்கே எல்லோரும் நலம். மல்கோவா சந்தைக்கு வந்ததும் ஒரு கூடை மேலே அனுப்புகிறேன்.

அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சிக்கு நிற்க இடமில்லை, சாயங்காலம் கரகம் ஆடும்போது நாற்காலி காலி, மக்களுக்கு ரசனை போய்விட்டதா என்று கேட்டிருந்தாய். ரசனை அப்படியேதான் இருக்கிறது. ஆட்டம் தொடங்கும் நேரம்தான் தப்பு. மேலே வருகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் ஏறி ராத்திரிக்குள் வீடு திரும்புகிற குடும்பங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் குழந்தைகளோடு இருட்டில் இறங்க யாருக்கும் மனம் வராது. விழா நாட்களில் வண்டிகளை ஒருவழியாக விட்டு, குப்பனூர்ச் சாலை வழியே இறக்கும்போது அது இன்னும் சுற்று. ஆகவே ஐந்து மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். நம் மேடையில் ஆறு மணிக்குத்தான் குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். அதன்பிறகு வரவேற்புரை, வாழ்த்துரை. முதல் அடி வைக்கும்போது மணி ஏழு.

போதாததற்கு மே மாதத்து இடிமழை. பெரும்பாலும் பிற்பகலில் மேகம் கூடிச் சாயங்காலம்தான் கொட்டும். அதனால் நான் சொல்வது இதுதான்: முதல் ஆட்டம் காலை 11 முதல் 12.30 வரை, இரண்டாவது 2 முதல் 3.30 வரை. சாயங்கால மேடை உள்ளூர் மக்களுக்கும் விடுதியில் தங்குகிறவர்களுக்கும் மட்டும் என்று தெரிந்தே சின்னதாக வையுங்கள். பேச்சு வேண்டுமென்றால் தொடக்க நாள் ஒன்றோடு நிற்கட்டும்.

இடமும் முக்கியம். பறை, சிலம்பம், கரகம், ஒயில் எல்லாம் நாலு பக்கமும் ஆள் சூழ நின்று பார்க்கிற கலைகள். நாலடி உயர மேடையில் ஏற்றி, முன்னால் சோபா போட்டு, அதற்கு முன்னால் தடுப்பும் கட்டினால் ஆடுகிறவர் கால் யாருக்கும் தெரியாது. ஏரிக்கரையில் படகுத்துறைப் பக்கம் மக்கள் எப்படியும் காத்து நிற்கிறார்கள். அங்கே 20 அடி விட்டத்தில் கயிறு கட்டித் தரையிலேயே ஆடவிடுங்கள். சிலம்பத்துக்கு மட்டும் 30 அடி வேண்டும். கம்பு வீச்சுக்குள் சிறுவர்கள் ஓடிவருவது அடிக்கடி நடக்கும். கரகத்துக்கு மரப்பலகைமேல் கம்பளம் விரிப்பார்கள். மழை பட்டதும் கம்பளம் நீர் குடித்து வழுக்கும், தலையில் செம்போடு ஆடுகிறவருக்கு அது ஆபத்து. வெறும் மண்தரையைத் தண்ணீர் தெளித்துக் கெட்டிப்படுத்தினாலே போதும். பறைக் குழுவுக்கு ஓலையோ வைக்கோலோ ஒரு கட்டும் தீமூட்ட ஓர் ஓரமும் ஒதுக்கிவை. மலையின் ஈரக்காற்றில் தோல் தொய்ந்து சத்தம் மங்கிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் சூடு காட்டியாக வேண்டும். தீயணைப்புத் துறையிடம் முதலிலேயே சொல்லி வைத்தால் கடைசி நேரத்தில் தகராறு வராது. கரகத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தில் தவிலுக்கு மைக்கே வேண்டாம். நாதசுரத்துக்கு மட்டும் ஒன்று, சற்றுத் தள்ளி. ஒலிபெருக்கிக்காரர் எல்லாவற்றுக்கும் மைக் வைத்தால் தவில் மற்ற வாத்தியங்களை அமுக்கிவிடும்.

தெருக்கூத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். விடிய விடிய நடக்கும் கலையை இருபது நிமிடத்துக்குள் அடக்கச் சொல்வது கலைஞனுக்கும் பார்ப்பவனுக்கும் நியாயமில்லை. வேஷம் கட்டவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; கதையை அறிமுகம் செய்யும் கட்டியங்காரன் வந்து திரை விலகுவதற்குள் 'போதும், அடுத்த நிகழ்ச்சி' என்று சீட்டு வரும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதே. ஒரே ஒரு நாள், 7 மணி முதல் 10 மணி வரை, ஒரே குழு, ஒரே கதைப்பகுதி என்று முழுசாகக் கொடுங்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர் ஒன்றில் அதை வைத்தால் பார்க்க ஆள் தேட வேண்டியிருக்காது. அவர்களுடைய ஆட்டத்துக்கும் பொதுமேடையில் கூலியோடு இடம் கொடுங்கள். 'உள்ளூர்க்காரர்தானே' என்று சால்வையோடு அனுப்பிவிடும் வழக்கம் நிற்க வேண்டும்.

இனிப் பணம். நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது, விழா மே மாதம். நிதி ஒதுக்கீட்டு உத்தரவு கைக்கு வருவதற்குள் பந்தக்கால் நட்டாக வேண்டும். தமிழ்நாட்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) கோரினால், இரண்டு கோடி வரையிலான வேலைக்குக்கூடக் குறைந்தது 15 நாள் அவகாசம் தரவேண்டும். அதற்கு நேரமில்லை என்று அவசரமாக விலைப்புள்ளி (கொட்டேஷன்) வாங்குகிறார்கள். பந்தல்காரரும் ஒலி-ஒளிக்காரரும் கடனுக்குச் செய்கிறார்கள். பணம் வர எத்தனை மாதமாகும் என்று தெரியாததால் அந்த வட்டியையும் விலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். இதனால் செலவு கூடுகிறது, கூடின செலவு கலைஞர் ஊதியத்தில் வெட்டாக விழுகிறது. விலைப்புள்ளி வாங்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று எழுத்தில் கேள். பில் வரும்போதுதான் பலருக்கு அது நினைவுக்கு வருகிறது. தேவைப் பட்டியலை ஜனவரியிலேயே தயாரித்து, பந்தல், நாற்காலி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் தனித்தனி அளவோடு எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த அவசரத்தில் பாதி குறையும்.

குழுவிடம் நீ விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டியது ஒன்று உண்டு: கலை நிகழ்ச்சிக்கென்று வரும் தொகையில் குறைந்தது பாதி ஆடுகிறவர், வாசிக்கிறவர் கைக்குப் போக வேண்டும். பத்து லட்சம் வந்தால் ஐந்து லட்சம் அவர்களுக்கு. ஒலி-ஒளிக்கு ஒன்றரை, வேன் வாடகையும் சாப்பாடும் தங்கலும் ஒன்றரை, தண்ணீர், கழிப்பறை, குப்பைக்கு ஒன்று, மிச்சம் ஒரு லட்சத்தில் அறிவிப்பும் சில்லறைச் செலவும். தொலைக்காட்சிப் பாடகர் ஒருவரை அழைத்தால் இந்தக் கணக்கு முழுவதும் சரிந்துவிடும். அவர் வரும் அன்றைக்குக் கூட்டம் வரும், உண்மைதான். அவருக்கு அரசுப் பணம் இல்லாமலே மேடை கிடைக்கும். கரகக் குழுவுக்குக் கிடைக்காது.

கரகக் குழு ஒன்றில் ஆடுகிறவர் இருவர், நாதசுரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தாளம் என்று எட்டுப் பத்துப் பேர் இருப்பார்கள். குழுத்தலைவர் கடன் வாங்கித்தான் வேன் பிடிப்பார். பயணச் செலவையும் முன்பணத்தையும் புறப்படும் முன்பே கொடுக்க வழி செய்யுங்கள். மீதித் தொகை தடைபடுவது பெரும்பாலும் காகிதத்தால்தான்: கணக்குப் புத்தகத்தில் ஒரு பெயர், ஆதாரில் வேறு முதலெழுத்து, வங்கிகள் இணைந்தபின் மாறிப்போன பழைய ஐஎஃப்எஸ்சி எண், குழுத்தலைவர் ஒருவர் பெயரிலேயே மொத்தத் தொகை. ஒவ்வொருவரின் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை நகலையும் வங்கிப் புத்தக முதல் பக்கத்தையும் ஏப்ரலிலேயே வாங்கிச் சரிபார். நல்ல குழுக்கள் யார் என்று தெரியாவிட்டால், சேலத்திலுள்ள கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்தில் கேட்கலாம். மாவட்டக் கலை மன்ற விருது பெற்றவர்கள் பட்டியலும் உதவும். அதில் மூத்த கலைஞர்களுக்கான கலை முதுமணி விருது வாங்கிய பெரியவர்களைக் கேட்டால் அடுத்த தலைமுறைக் குழு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

ஆடியில் இங்கே சேலம் குகைப் பகுதி மாரியம்மன் கோயில் திருவிழாவில் அலங்கார வண்டிகள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கையை நினைத்துப் பார். லாரி ஜோடனை, தெய்வ வேஷம், விளக்கு எல்லாம் அந்தந்தக் குழுவும் பகுதி மக்களும் போடும் பணம். அழைப்பிதழ் இல்லாமலே தெரு நிறைகிறது. அங்கே அரசு செய்யவேண்டியது சாலை, மின்சாரம், தண்ணீர், காவல் மட்டும். மக்கள் தாமே செய்துகொள்ள முடிகிற இடத்தில் பொதுப்பணம் அலங்காரத்துக்குப் போக வேண்டியதில்லை. அவர்களால் வசூலிக்க முடியாததற்குப் போகட்டும். ஏற்காட்டில் அது கலைஞர் கூலியும் ராத்திரி 10 மணிக்கு அடிவாரம் இறங்கும் சிறப்புப் பேருந்தும்தான். அந்தப் பேருந்து நேரத்தைப் பூங்கா வாசலிலேயே பெரிதாக எழுதிவைத்தால், வண்டியில்லாமல் வருகிற குடும்பங்கள் சாயங்கால ஆட்டத்துக்கும் தங்கும்.

கடைசியாக, கூட்டக் கணக்கு. பூங்கா நுழைவுச்சீட்டு எண்ணிக்கையைக் கலைவிழாவுக்கு வந்தவர் எண்ணிக்கையாகக் காட்டுவதை நிறுத்த வேண்டும். பூங்காவுக்குச் சீட்டுப் புத்தகத்தின் தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் போதும். பெரியவர் சீட்டு, சிறுவர் சீட்டு, இலவச அனுமதி மூன்றும் தனித்தனியாக. ஆட்டக்களத்துக்கு வேறு முறை. இடத்தை அளந்துகொள்: 30 மீட்டருக்கு 20 மீட்டர் என்றால் 600 சதுர மீட்டர். ஆடுகளம், நடைபாதை, கடைகள் 150 கழித்தால் 450. தளர்வாக நின்றால் சதுர மீட்டருக்கு ஒருவர், நெருங்கி நின்றால் இருவர். ஆக அந்த இடத்தில் ஒரே சமயத்தில் 900 பேருக்குமேல் நிற்பது கடினம். யாராவது ஐயாயிரம் என்று எழுதினால் இந்தக் கணக்கைக் காட்டு.

மணிக்கொருமுறை எண்ணு. ஒரு நாளில் 200, 450, 600, 250 என்று வந்தால் கூட்டி 1,500. நெடுநேரம் நிற்கிறவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எண்ணப்பட்டிருப்பார், அதைக் கழிக்க வேண்டும். வெளியேறுகிறவர்களில் நாற்பது பேரிடம் எப்போது வந்தீர்கள் என்று கேட்டுச் சராசரி எடு. ஒன்றரை மணி நேரம் நின்றார்கள் என்றால் 1,500ஐ ஒன்றரையால் வகுத்து 1,000 பேர். எனக்கு இந்த ஆயிரத்தைவிட அந்த ஒன்றரை மணி நேரம்தான் பெரிது. எந்தக் கலைக்கு நின்றார்கள், எதற்குக் கலைந்தார்கள் என்பது அதில்தான் தெரியும். அடுத்த ஆண்டு நிதி கேட்கும்போது அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. கல்லூரி மாணவர் நான்கு பேரும் கையில் அழுத்தி எண்ணும் கருவி நான்கும் போதும்.

போன ஆண்டுச் செலவு விவரம் குழுக் கோப்பில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 'கலைஞர்களுக்கு வழங்கிய தொகை, தேதிவாரியாக' என்று தனியாகக் கேள். மொத்தச் செலவு என்று கேட்டால் ஒற்றை வரியில் பதில் வரும். 30 நாளில் பதில் தரவேண்டும் என்பதால் இந்த வாரமே அனுப்பினால் நல்லது. பதில் வந்ததும் ஒரு நகல் எனக்கும் அனுப்பு, பட்டியலைச் சேர்ந்து போடலாம்.

அன்புடன்,
உன் பழைய தோழன்